உடைசல் ஏற்றிப் போன கப்பல்

தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கடையில் நின்றபடியே பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாவணிக்குப் பொருத்தமாக வளையல் கேட்டு நின்ற பெண்ணிடம் அந்த நிறம் ஸ்டாக் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்ட நிறம் அவள் கண்ணுக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

வேலையை விடப் போகிறேன், இனிமேல் கண்ணாடியைக் கையால் தொட மாட்டேன், மயிலாப்பூருக்கே வந்து உங்களோடு கடையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் புரொபசர் குளிர்காலம் முடியட்டும், அதுவரை யோசி என்றாராம். அம்மா போன அன்று என்ன நடந்தது, எதையும் மறைக்காமல் எழுதுங்கள் அப்பா என்றும் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். ஆனால் எனக்குக் கடிதம் எழுதி எங்கே பழக்கம்? இத்தனை வருஷமும் உன் அம்மா சொன்னாள், நான் எழுதினேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று முதல் வரியைப் போட்டுவிட்டு, அடுத்தது என்ன என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். இன்றைக்கும் அதே வரியை எழுதிவிட்டுப் பழக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஆரம்பித்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். நீ வராதது உன் தப்பு இல்லை. உனக்குத் தெரிந்தால்தானே வருவாய்? சித்திரையிலேயே டாக்டர் வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார். உனக்கு எழுத வேண்டாம் என்றவள் அவள்தான். “கோடையில மட்டுந்தான் கடல்ல எறங்க முடியுமாம்ல, குளுரு வந்துட்டா முடியாதாம்ல. அவன் வேலை முடியட்டும்ங்க. நான் எங்க போயிரப் போறேன்?” என்றாள். ஒவ்வொரு கடிதத்திலும் ‘அம்மா நன்றாக இருக்கிறாள்’ என்று என் கையால்தான் எழுதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சரியாக எழுதினேனா என்று பார்த்துக்கொள்வாள். பிறகு நான் கொடுத்த தந்தி நீ தங்கியிருந்த ஊருக்கு வந்து, அங்கேயிருந்து நீங்கள் கூடாரம் போட்டிருந்த கரைக்கு யாரோ படகில் கொண்டுவந்து கொடுத்தபோது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இதில் நீ செய்த தப்பு எது? ஒன்றும் இல்லை. கோபப்பட வேண்டுமானால் எங்கள் இரண்டு பேர் மேல் படு. அவள் மேல் உனக்குக் கோபம் வராது என்று எனக்குத் தெரியும், அதனால் என் மேலேயே படு.

நீ எந்தக் கடலில் போய் எந்தக் கண்ணாடியைத் தேடினாலும், அந்த வேலையை உனக்கு ஆரம்பித்துக் கொடுத்தது நம் வீட்டு மண்ணெண்ணெய் டின்தான். வடக்கே ஃபிரோசாபாத்திலிருந்து வளையல் பெட்டி சென்ட்ரலுக்கு ரயிலில் வந்து இறங்கும். என்னதான் வைக்கோல் சுற்றிக் கட்டி அனுப்பினாலும் அடியில் உடைசல் இல்லாமல் பெட்டி வந்ததே கிடையாது. அந்த உடைசலை எல்லாம் முறத்தில் கொட்டி, பச்சை தனி, சிவப்பு தனி, நீலம் தனி என்று அம்மா பிரித்து, நிறத்துக்கு ஒரு டின்னாகப் போட்டு வைப்பாள். நிறம் கலந்திருந்தால் உலைக்காரன் எடுக்க மாட்டான், உருக்கினால் சேற்று நிறம் வந்துவிடும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாய். விரலை அறுத்துக்கொள்ளாத நாள் கிடையாது. அவள் சுண்ணாம்பைத் தடவிவிட்டு, போய் விளையாடுடா என்பாள், நீ நகர மாட்டாய். இதெல்லாம் எங்கேம்மா போகும் என்று கேட்பாய். திரும்ப உலைக்கே போகும், உருகும், மறுபடி வளையலாக வரும், யார் கைக்காவது போகும் என்பாள். போன வருஷம் உடைந்ததுதான் இந்த வருஷப் பெட்டியில் வந்திருக்கிறதா என்று நீ ஒரு தடவை கேட்டாய். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான் எங்கே அதெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன்? எனக்கு வியாபாரம்.

சாந்தோம் கடற்கரையும் அப்படித்தான். கடைக்கு எதிரே பூ விற்கும் கன்னியம்மா அப்போதெல்லாம் உன்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அவள் வீடு குப்பத்தில், அவள் புருஷன் கட்டுமரக்காரன். நீ கரையில் மீனையும் நண்டையும் பார்க்காமல் சோடா பாட்டில் சில்லாகப் பொறுக்கிக்கொண்டு வருவாய். அலையில் உருண்டு உருண்டு முனை மழுங்கி, பனங்கற்கண்டு போல இருக்கும். இதில் கை அறுக்காதும்மா என்று அம்மாவிடம் கொண்டுவந்து கொடுப்பாய். அவள் அதை டின்னில் போடாமல் தனியாக ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட்டு வைத்தாள். ஜாடி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஊறுகாய்க்கு ஜாடி இல்லை என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

நீ கெமிஸ்ட்ரி எடுத்தாய், படித்தாய், அதோடு கடைக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். பழைய சாமான்களைக் காப்பாற்றுகிற படிப்பு படிக்கச் சீமைக்குப் போகிறேன் என்று வந்து நின்றாய். நான் குதித்தேன். புதுச் சாமான் விற்கிறவன் பிள்ளை பழைய சாமானைத் துடைக்கப் போகிறானா என்று கேட்டேன். சாத்தூரிலிருந்து மூட்டையோடு வந்து, பிளாட்பாரத்தில் பாய் விரித்து வளையல் விற்று, தெற்கு மாட வீதியில் ஒரு கடை பிடித்ததெல்லாம் யாருக்காக என்று கேட்டேன். அம்மா எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: “அவனுக்காகப் பிடிச்ச கடைன்னா அவன் வேண்டாங்கும்போது விட்டுரணும். உங்களுக்காகப் பிடிச்சதுன்னா நீங்க உக்காந்துக்கிடுங்க.” ரசத்தை ஊற்று என்றேன். மீனம்பாக்கத்தில் நீ விமானம் ஏறியபோது அவள் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அந்த இரைச்சலில் அவள் வளையல் சத்தம் உனக்கு எங்கே கேட்டிருக்கும்?

பிறகு உன் புரொபசரோடு நீ போன துருக்கிக் கரையிலிருந்து உன் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மத்தியானம் வியாபாரம் ஓய்ந்திருக்கிற நேரத்தில் அம்மா சோற்றுத் தூக்கோடு கடைக்கு வருவாள். நான் சத்தமாகப் படிப்பேன், அவள் கேட்பாள். படியில் உட்கார்ந்து கன்னியம்மாவும் கேட்பாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கப்பல், நம் பக்கம் சோழ ராஜாக்கள் இருந்த காலம், கடலுக்கு அடியில் மண்ணுக்குள் கிடக்கிறது, அதன் அடித்தட்டு முழுக்க உடைந்த கண்ணாடி, டன் கணக்கில் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அய்யோ, அத்தனை சரக்கும் நொறுங்கிப் போச்சே, அந்த வியாபாரி குடும்பம் என்ன ஆச்சோ என்று அன்றைக்கு முழுவதும் புலம்பினாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின வியாபாரிக்கு இப்போது ஏன்டி மூக்கைச் சிந்துகிறாய் என்றேன். பெட்டி திறக்கும்போது உங்கள் மூஞ்சி போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன்ல, அவனுக்கு முழுக் கப்பலும் போயிருக்கிறதே என்றாள்.

அடுத்த கடிதத்தில் நீ அவளுக்கென்றே விளக்கமாக எழுதினாய். அம்மா, கப்பல் மூழ்கி அந்தக் கண்ணாடி உடையவில்லை, உடைந்த கண்ணாடியைத்தான் சரக்காக வாங்கி ஏற்றியிருக்கிறார்கள், நம் டின் மாதிரியே, எங்கேயோ ஒரு பட்டறைக்கு உருக்கக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று. அது எப்படித் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். கப்பலில் உடைந்திருந்தால் ஒரு கிண்ணத்தின் எல்லாத் துண்டுகளும் அங்கேயே கிடக்கும், பொறுக்கிச் சேர்த்தால் முழுக் கிண்ணமும் வரும். இங்கே எவ்வளவு சேர்த்தாலும் பெரும்பாலானவற்றில் ஒரு துண்டு குறைகிறது. குறைகிற துண்டு கடலில் இல்லை, கப்பல் புறப்பட்ட கரையிலேயே விட்டுப்போயிருக்கிறது. இந்த இடத்தை அம்மா என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு சிரித்தாள் பாரு, அப்படி ஒரு சிரிப்பு. படிப்பெல்லாம் படித்து, கடல் கடந்து போய், என் பிள்ளை என் முறத்து வேலையைத்தான் செய்கிறான் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வளையல் வாங்க வந்த மாமி ஒருத்தி, “அதுக்கா இவ்வளவு தூரம் அனுப்பிச்சேள்?” என்று கேட்டுவிட்டாள். அவளுக்கு அன்றைக்கு அளவு சரியாக எடுத்துக் கொடுக்கவில்லை உன் அம்மா.

எனக்கும் அந்தக் கடிதங்களில் ஒரு பெருமை இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. மணலை உருக்கிக் கண்ணாடியாக்கத் தெரிந்த ஊர்கள் அந்தக் காலத்தில் கொஞ்சம்தான், அங்கே உருக்கிக் கட்டி கட்டியாக உடைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள், அதை வாங்கி மறுபடி இளக்கிப் பாத்திரமாக ஊதுகிறவர்கள் வேறே ஊரில் இருப்பார்கள், இதெல்லாம் எந்தச் சுவடியிலும் இவ்வளவு தெளிவாக இல்லை, மூழ்கின கப்பல்தான் காட்டிக் கொடுத்தது என்று எழுதியிருந்தாய். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த கப்பலில் ஒன்றுமே மிஞ்சாது, சரக்கு விற்றுப் போயிருக்கும், போய்ச் சேராத கப்பல்தான் அப்படியே இருக்கிறது என்றாய். பாண்டிச்சேரிக்குத் தெற்கே நம் கரையில் செய்த கண்ணாடி மணிகளும் அப்படித்தான் கிழக்கே கடல் கடந்து போயின என்றாய். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவிடம், நம் தொழில் ஒன்றும் லேசுப்பட்ட தொழில் இல்லை தெரியுமா என்று சொன்னேன். எனக்கு முதலிலேயே தெரியும் என்றாள்.

ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி மட்டும் தீரவே இல்லை. அதைக் கேட்கச் சொல்லிக் கிளப்பிவிட்டது கன்னியம்மா. ஒரு ஐப்பசிப் புயலில் அவள் புருஷன் கட்டுமரம் கவிழ்ந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து, பட்டினப்பாக்கத்தில் கரை ஏறினான். அதனால் அவளுக்கு எந்தக் கப்பல் கதையிலும் ஒன்றுதான் தெரிய வேண்டும். “சரக்கு கெடக்குது அண்ணே. ஆளுங்க கரை ஏறுனாங்களா இல்லியா? அத்த எயுதிக் கேளு” என்றாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியாக, அந்தக் கப்பல் ஆட்கள் கரை ஏறினார்களா என்று எழுதச் சொல்வாள். நீ சீப்பு கிடைத்தது என்றாய், மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டு கிடைத்தது என்றாய், ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை அம்மா, கரை பக்கத்தில்தான் இருக்கிறது, இன்னும் முழுக்கத் தோண்டவில்லை, பார்க்கலாம் என்றாய். பார்க்கலாம் என்றால் பார்ப்பான், அவன் ஏமாற்ற மாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படுக்கையில் விழுந்த பிறகும் தபால்காரர் மணி அடித்தால் அதைத்தான் கேட்பாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

நம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெட்டி உடைத்தால் முதல் டஜன் அம்மா கைக்குத்தான். அதற்குப் பிறகுதான் விற்பனை. கல்யாணமான புதிதில், பிளாட்பாரக் கடையாக இருந்தபோது, அவளை எதிரே உட்காரவைத்து, கையைப் பிடித்து, கட்டைவிரல் மேட்டை அமுக்கி, ஒவ்வொன்றாக நானே ஏற்றிவிடுவேன். அவள் வளையல் அளவு இரண்டு ஆறு. அவளுக்குப் போட்டதைப் பார்த்துத்தான் நாலு பெண்கள் நின்றார்கள், வியாபாரமே அப்படித்தான் ஆரம்பித்தது. கடை பெரிதாச்சு. கூட்டம் வந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, கையைப் பிடித்துப் போட்டுவிடுவது நின்றுபோய், இந்தா என்று டஜனைக் கையில் கொடுப்பதாக ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் கொடுப்பதும் இல்லை, மேஜை மேல் வைத்துவிடுவேன். அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள். மயிலாப்பூரில் பாதிப் பெண்களின் கையளவைத் தூரத்தில் பார்த்தே சொல்வேன் என்று எனக்கு ஒரு மண்டைக் கனம். இந்த வருஷம் பங்குனியிலிருந்து அம்மா மணிக்கட்டில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தாள். வளையல் சுற்றி வருகிற காகிதத்தில் போட்டிருக்குமே, அந்த ரப்பர் பேண்டு. நான் அதைப் பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டு, கடைச் சாமானையெல்லாம் எதற்கு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டேன். சும்மாதாங்க, கிடக்கட்டும் என்றாள்.

ஆடி வந்தது. ஆடிப்பூரத்துக்கு அம்பாளுக்கு வளையல் சார்த்துகிற கூட்டம் உனக்குத் தெரியும், கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. கட்டுக் கட்டாக எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா படுத்திருந்தாள், பக்கத்துப் போர்ஷன் அம்மா கஞ்சி கொடுத்தாள், கன்னியம்மா நடுநடுவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பூரம் முடிந்த அந்த வாரத்திலேயே போய்விட்டாள். காலையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன், தண்ணீர் கேட்டாள், எடுத்துக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான். கஷ்டப்படவில்லை. உனக்காகச் சொல்கிற வார்த்தை இல்லை இது, நிஜமாகவே கஷ்டப்படவில்லை. காபி ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கை நிறையப் பச்சை வளையல் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். பெண்கள் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கூறைப் புடவை கட்டி, வளையல் கொண்டாங்க என்றார்கள். கடைப் பையனை அனுப்புங்கள் என்றார்கள். நானே போகிறேன் என்று போனேன். பாதி ஷட்டரைத் தூக்கி உள்ளே குனிந்து, விளக்குக்கூடப் போடாமல், இருக்கிற இடம் கைக்குத் தெரியும், இரண்டு ஆறு பச்சையில் எடுத்துக்கொண்டு வந்தேன். போட்டுவிடுகிறவனும் நான்தான் என்று பிடிவாதமாகச் சொன்னேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் கையைப் பிடித்தேன். கட்டைவிரல் மேட்டை அமுக்கினேன், பழக்கம். அமுக்குவதற்கு அங்கே மேடே இல்லை. வளையல் கையைத் தொடாமலேயே ஏறிப் போச்சு. எல்லாவற்றையும் போட்டேன். இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டுவதற்காகத் தூக்கியபோது ஒரு வளையல் மட்டும் அப்படியே வழுக்கி வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது.

சுற்றி நின்ற பெண்கள் விழுந்த வளையலையே பார்த்தார்கள். அபசகுனம் என்று வாய்க்குள் சொல்லியிருப்பார்கள். கன்னியம்மாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு காதாகச் சொன்னாள்.

“அக்கா கையி எப்பவோ எளச்சுப் பூட்ச்சு அண்ணே. வளையல் கயண்டு கீழ வுயாம ரப்பர் பேண்டு சுத்திக்கினு இருந்துச்சே. நீ பாக்கலியா?”

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். கண்ணாடிக் கடையே வைத்திருந்தும் எனக்குத் தெரியவில்லையே தம்பி. பக்கத்திலேயே இருந்த கையை நான் பார்க்கவில்லை. கடல் தாண்டி இருக்கிற நீ, வராமல் போய்விட்டேன் என்று அழுகிறாய். இந்த வீட்டில் வராமல் போனவன் நான்தான்.

மறுபடி கடைக்குப் போனேன். அடுத்த சின்ன அளவு, இரண்டு நாலு, எடுத்துக்கொண்டு வந்தேன். அதுதான் சரியாக இருந்தது. சின்னப் பெண்களுக்குக் கொடுக்கிற அளவு அது. போட்டு முடித்தபிறகு கீழே விழுந்த வளையலின் துண்டுகளைப் பொறுக்கினேன். மூன்றாக உடைந்த சத்தம் எனக்குத் தெரியும், இத்தனை வருஷம் கேட்ட சத்தம். இரண்டு துண்டு கிடைத்தது. அவளை எடுத்துக்கொண்டு போனபிறகு, வீட்டைக் கழுவிவிடுவதற்கு முன்னால், மூலை முடுக்கெல்லாம் தேடினேன். பாயை உதறினேன். பக்கத்துப் போர்ஷன் அம்மா, என்ன தேடறீங்க என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். மூன்றாவது துண்டு கிடைக்கவில்லை. அவள் புடவை மடிப்புக்குள் விழுந்து அவளோடேயே போயிருக்க வேண்டும்.

மறுநாள் பால் ஊற்றப் போனோம். நீ இருந்திருந்தால் நீ செய்ய வேண்டியதை உன் சித்தப்பா மகன் செய்தான், அவனுக்கு ஒரு வார்த்தை எழுது. வெட்டியான் எலும்பு பொறுக்கிக்கொண்டே வந்தவன் எதையோ கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். “இது இன்னாது, கல்லு மாறி கீது?” என்று தூக்கிப் போடப் போனான். வாங்கிப் பார்த்தேன். பச்சை. வளையலெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, சாம்பலும் சேர்ந்து ஒரே கட்டியாக ஆகியிருந்தது. எந்த வளையல் எது என்று தெரியவில்லை. நீ எழுதுவாயே, உருக்கிக் கட்டியாக உடைத்துக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று, அதுதான் ஞாபகம் வந்தது. சூடு ஆறாமல் இருந்தது. அது கண்ணாடிப்பா, பானையிலேயே போடு என்றேன். சாந்தோம் கரையில் கன்னியம்மா புருஷன் கட்டுமரத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு, அலை தாண்டிக் கொண்டுபோனான். பானையை இறக்கினேன். கட்டி கனமாக இருந்ததால் அது உடனே போய்விட்டது. சாம்பல்தான் கொஞ்ச நேரம் மிதந்தது.

இதுதான் நடந்தது. ஒன்றும் மறைக்கவில்லை.

இப்போது நீ வருகிற விஷயம். உண்மையைச் சொல்லட்டுமா? நீ வந்துவிடு என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு சத்தம் கிடையாது. ஒரு ஆளுக்கு அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, தினமும் மிஞ்சுகிறது. நீ எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், பேசக்கூட வேண்டாம் என்று இருக்கிறது. அந்த ஆசை என்னை ஜெயிப்பதற்குள் இதைத் தபாலில் போட்டுவிட வேண்டும் என்றுதான் வேகவேகமாக எழுதுகிறேன். நீ உன்னைத் தண்டித்துக்கொள்வதற்காகக் கடைக்கு வராதே. ஜெயிலில் இருக்கிற மாதிரி ஒருவன் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் வந்து கையை நீட்டுவாள்? வருஷத் திதிக்கு வா. பத்து நாள் இரு. அம்மா படத்துக்கு முன்னால் நன்றாக அழு. பிறகு உன் கரைக்குத் திரும்பிப் போ.

நீதான் ஒரு தடவை எழுதியிருந்தாய். கடலில் ஆயிரம் வருஷம் கிடந்த கண்ணாடியை எடுத்தவுடன் வெயிலில் காயவைத்தால் செதில் செதிலாக உரிந்து போய்விடும், நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, உள்ளே ஏறின உப்பு மெல்ல மெல்ல இறங்கும் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும் என்று. அதைப் படித்தபோது, உன் பையனுக்குப் பொறுமை வந்துவிட்டதுடி என்று அம்மாவிடம் கேலி பேசினேன். கண்ணாடிக்குக் காட்டுகிற பொறுமையை உனக்கும் கொஞ்சம் காட்டிக்கொள். அழுகை வருகிறபோதெல்லாம் அழு. வேலையை விடுகிற முடிவெல்லாம் ஈரம் காயாமல் எடுக்காதே. நாளைக்கு ஒருத்தி உன் கையைப் பிடிப்பாள். அவள் கையை நீ பிடிக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. வளையல் நீயே போட்டுவிடு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது. அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. அம்மா கேட்டது பாக்கி நிற்கிறது. அந்தக் கப்பல் ஆட்கள் கரை ஏறினார்களா இல்லையா? நீ பாதியில் விட்டுவிட்டு வந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? நானா? எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. தெரிந்தாலும் சரி, தெரியாது என்றே முடிந்தாலும் சரி, முழுக்கத் தோண்டிப் பார்த்துவிட்டு எழுது. கன்னியம்மா இன்னும் தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள்.

வளையலின் இரண்டு துண்டுகளையும் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து இதோடு பார்சலாக அனுப்புகிறேன். நீ ஒட்டிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். அது வட்டமாகாது. மூன்றாவது துண்டு எங்கே என்று என்னைக் கேட்காதே, இந்தக் கரையில் அது இல்லை.

அப்பா